"பேருக்குப் பணிப்பாளர்" என்று ஒருவர் சட்டத்தில் இல்லை: கம்பனிக்குள் யாருக்கு என்ன பொறுப்பு

யாழ்ப்பாணத்தில் "பணிப்பாளர்" என்றதும் போதனா வைத்தியசாலைப் பணிப்பாளரோ ஏதாவது ஒரு திணைக்களப் பணிப்பாளரோதான் நினைவுக்கு வருவார். அவர் தனியாள். அவருடைய கையொப்பம் விழுந்தால் காரியம் நடக்கும். அதே சொல்லைத்தான் கம்பனிக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறோம், குழப்பமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கம்பனிப் பணிப்பாளர் ஒருவருக்கு அந்தப் பதவியில் இருப்பதனால் மட்டும் தனியாக எதையும் தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. அதிகாரம் பணிப்பாளர் சபைக்கு உரியது. பொறுப்போ அவரவர் தலையில் தனித்தனியே விழுகிறது.

"செயலாளர்" என்பதும் இப்படித்தான். சனசமூக நிலையத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் கோயில் பரிபாலன சபையிலும் முழு வேலையையும் இழுத்துச் செல்பவர் செயலாளர். கம்பனிச் செயலாளர் அவரல்ல. சங்கங்களில் கட்டாயம் இருக்கும் "பொருளாளர்" என்ற பதவி கம்பனிச் சட்டத்தில் இல்லவே இல்லை.

இலங்கையில் இவற்றையெல்லாம் வரையறுப்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். அந்த ஆண்டு மே 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இது, 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது.

ஒரு கற்பனைக் கம்பனி

விளக்கத்துக்காக ஒரு தனியார் கம்பனியை எடுத்துக்கொள்வோம். பனம்பொருள்களைப் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அதன் தொழில். மூலதனம் ஒரு கோடி ரூபா. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் 60 இலட்சம் போட்டு 60 வீதப் பங்கை வைத்திருக்கிறார். சுன்னாகத்தில் வேலையை நடத்தும் தம்பிக்கு 30 வீதம். மானிப்பாயில் இருக்கும் அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை, அவருக்கு 10 வீதம். தம்பியும் அக்காவும் பணிப்பாளர்கள். அண்ணன் பங்குதாரர் மட்டுமே. அக்காவைச் சேர்த்தபோது தம்பி சொன்னது இது: "சும்மா பேருக்குத்தான் அக்கா, கையெழுத்தை மட்டும் வையுங்கோ."

இந்த ஒரு வசனத்தால் மாட்டிக்கொண்டவர்கள் நம் குடாநாட்டில் கொஞ்சமல்ல. தனியார் கம்பனி தொடங்க ஒரு பங்குதாரரும் ஒரு பணிப்பாளரும் போதும். இரண்டு பணிப்பாளர் வேண்டும் என்பது பொதுக் கம்பனிக்கு உள்ள விதி. அதாவது, அக்காவின் பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் முதலிலேயே இருக்கவில்லை.

அடிப்படை: கம்பனி ஒரு தனி ஆள்

கம்பனியைப் பதிந்த நாளிலிருந்து சட்டம் அதை ஒரு தனி ஆளாகப் பார்க்கிறது. 1896இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஆரோன் சலமன் என்ற சப்பாத்து வியாபாரியின் வழக்கில் இதை நிலைநாட்டியது. அவருடைய கம்பனியில் இருந்த 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மிகுதி ஆறும் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று. அப்படியிருந்தும் கம்பனியின் கடன் கம்பனியினுடையது, சலமனுடையது அல்ல என்று தீர்ப்பானது.

எல்லாரும் ஆசையோடு பிடித்துக்கொள்வது இந்தப் பாதுகாப்பைத்தான். அதன் மறுபக்கத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. கம்பனி தனி ஆள் என்றால் அதன் காசும் உங்களுடைய காசல்ல. முழுப் பங்கும் உங்களிடமே இருந்தாலும் பெட்டியில் கிடக்கும் காசு கம்பனியினுடையதே.

நான்கு இடங்கள், நான்கு வேலைகள்

1. பங்குதாரர். கம்பனியின் உடைமையில் பங்குள்ளவர். பணிப்பாளர்களை நியமிப்பதும் நீக்குவதும், விதிகளை மாற்றுவதும், பெரிய விடயங்களில் வாக்களிப்பதும் இவருடைய உரிமைகள். அன்றாட நிருவாகம் இவருடைய வேலை அல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் ஆளுக்கொரு வாக்கு என்று பழகிய நமக்கு இங்கே ஒரு வேறுபாடு உண்டு: கம்பனியில் வாக்குப் பங்குக்கு.

2. பணிப்பாளர் சபை. கம்பனியின் தொழிலும் அலுவல்களும் சபையாலோ சபையின் வழிநடத்தலின் கீழோ நடக்கவேண்டும் என்கிறது 184ஆம் பிரிவு.

3. நிறைவேற்று அதிகாரிகள். முகாமைப் பணிப்பாளர், பிரதான நிறைவேற்று அதிகாரி, நிதி முகாமையாளர் போன்றோர். இவர்களுடைய அதிகாரம் சபை ஒப்படைத்த அளவுக்குத்தான். பிரதான நிறைவேற்று அதிகாரி ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று கம்பனிகள் சட்டம் சொல்லவில்லை. சபை என்ன ஒப்படைத்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் அட்டையில் அச்சடித்த பட்டத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

4. கம்பனிச் செயலாளர். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒருவர் கட்டாயம், 221ஆம் பிரிவு. கூட்ட அறிக்கை, பங்குப் பதிவேடு, பணிப்பாளர் பதிவேடு ஆகியவற்றைப் பேணுவதும் கம்பனிப் பதிவாளருக்குப் படிவங்களை நேரத்துக்கு அனுப்புவதும் இவருடைய வேலை. சிறிய கம்பனிகள் பெரும்பாலும் இதை ஆண்டுக் கட்டணத்துக்கு வெளியார் ஒருவரிடம் கொடுத்துவிடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் கட்டணம் நின்றால் படிவமும் நின்றுவிடும், அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் பணிப்பாளர்கள்.

கணக்காய்வாளர் இந்த நான்கிலும் சேரமாட்டார். பங்குதாரர்களுக்காக வெளியிலிருந்து கணக்கைப் பார்ப்பவர் அவர். ஆகவே அதே கம்பனியின் பணிப்பாளரோ ஊழியரோ கணக்காய்வாளராக இருக்கமுடியாது.

ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் இருக்கலாம். தம்பி பங்குதாரர், பணிப்பாளர், முகாமைப் பணிப்பாளர் மூன்றும்தான். எந்தத் தொப்பியோடு முடிவெடுக்கிறார் என்பதை எழுதிவைக்காவிட்டால்தான் பின்னர் சிக்கல் வருகிறது.

சபை எப்படி முடிவெடுக்கிறது

சபையின் முடிவு என்றால் தீர்மானம். கூட்டம் கூடி எடுத்ததாகவோ சுற்றறிக்கையில் கையொப்பமிட்டதாகவோ இருக்கலாம், ஆனால் எழுத்தில் இருக்கவேண்டும். எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், வாக்குச் சமப்பட்டால் என்ன செய்வது என்பவை கம்பனியின் அமைப்பு விதிகளில் இருக்கும். சொந்தமாக விதிகள் எழுதாத கம்பனிக்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ள மாதிரி விதிகள் பொருந்தும். பலர் அவற்றை ஒருமுறைகூட வாசிப்பதில்லை. ஐம்பதுக்கு ஐம்பது என்று இரண்டு சகோதரர் தொடங்கிய கம்பனி மனக்கசப்பு வந்ததும் அசையாமல் நிற்பது இதனால்தான். முட்டுக்கட்டை விழுந்தால் எப்படி அவிழ்ப்பது என்று ஒருவரும் எழுதிவைத்திருக்கமாட்டார்கள்.

வங்கிக் கணக்கை உதாரணமாகப் பாருங்கள். கம்பனியின் பெயரில் கணக்குத் திறக்க வங்கி சபைத் தீர்மானத்தின் பிரதியைக் கேட்கும். எந்த வங்கி, எந்தக் கிளை, யார் யார் கையொப்பமிடுவது, தனித்தா கூட்டாகவா, எத்தனை ரூபா வரை என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். "இருவரில் எவராவது ஒருவர்" என்று எழுதினால் தம்பி தனியாகவே முழுப் பணத்தையும் எடுக்கலாம். "இருவரும் கூட்டாக" என்றால் அக்கா ஒவ்வொரு காசோலையையும் பார்த்தே கையொப்பமிடவேண்டும். இங்கேதான் நம்மவர்கள் செய்யும் ஆகப்பெரிய பிழை நடக்கிறது: அக்கா வெற்றுக் காசோலைப் புத்தகம் முழுவதிலும் ஒரே நாளில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவார். எழுபது வயதில் சுன்னாகத்துக்கு அலைய முடியாது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் இருவர் கையொப்பம் என்ற காவல் அந்த நிமிடத்தோடு போய்விடுகிறது, பொறுப்போ போகவில்லை.

கையொப்பமிடும் விதமும் முக்கியம். கம்பனியின் முழுப் பெயர் மேலே, அதன் கீழே கையொப்பம், அதன் கீழே "பணிப்பாளர்" என்ற இறப்பர் முத்திரை. ஒப்பந்தத்தில் கம்பனியின் பெயரைப் பிழையாக எழுதினாலோ விட்டுவிட்டாலோ, கையொப்பமிட்டவரே அந்தக் கடனுக்குத் தாமும் பொறுப்பாக நேரிடலாம். வெறும் "பனை புரொடக்ட்ஸ், யாழ்ப்பாணம்" என்று பற்றுச்சீட்டு அடித்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சபை தனியாகச் செய்யமுடியாதவையும் உண்டு. கம்பனியின் சொத்துப் பெறுமதியில் பாதிக்கு மேற்பட்ட ஒரு கொள்வனவுக்கோ விற்பனைக்கோ பங்குதாரர்களின் விசேட தீர்மானம் தேவை, அதாவது 75 வீத வாக்கு. நம் கம்பனியில் அண்ணனிடம் 60, தம்பியிடம் 30. அண்ணன் தனியாக நிறைவேற்ற முடியாது, தம்பி தனியாகத் தடுக்க முடியும்.

பணிப்பாளரின் கடமைகள்

187ஆம் பிரிவின்படி பணிப்பாளர் நல்லெண்ணத்தோடு, கம்பனியின் நலனுக்கு என்று தாம் நம்புவதைச் செய்யவேண்டும். தம்மை நியமித்தவரின் நலனுக்கல்ல, கம்பனியின் நலனுக்கு. "அண்ணன்தான் காசு போட்டவர், அவர் சொன்னதைச் செய்தேன்" என்பது விடையாகாது.

189ஆம் பிரிவு கவனத்தைப் பற்றியது. கண்மூடித்தனமாகவோ பாரதூரமான அசட்டையோடோ நடக்கக்கூடாது, தம் அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற திறனைக் காட்டவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் பட்டயக் கணக்காளரின் திறனை எவரும் எதிர்பார்க்கமாட்டார்கள். கணக்கறிக்கையை வாசித்து "இந்த 18 இலட்சம் யாரிடம் போனது?" என்று கேட்பதை எதிர்பார்ப்பார்கள். நிபுணர் சொன்னதை நம்பி நடக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு நம்பியிருக்கவேண்டும், சந்தேகம் வரும்போது விசாரித்திருக்கவேண்டும்.

192ஆம் பிரிவு நலன் முரண்பாட்டைப் பற்றியது. தம்பி தன் மனைவியின் கட்டடத்தைக் கம்பனிக்கு வாடகைக்குக் கொடுக்கலாம், தடையில்லை. ஆனால் அதைச் சபைக்கு வெளிப்படுத்தி நலன்கள் பதிவேட்டில் எழுதவேண்டும். குடும்பக் கம்பனிகளில் "எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்வரைதான் அது எல்லாருக்கும் தெரிந்த விடயமாக இருக்கும்.

பணிப்பாளருக்குக் கம்பனி கடன் கொடுப்பதும் பொதுவாகத் தடை, 217ஆம் பிரிவு. மகளின் கலியாணத்துக்குக் கம்பனிக் கணக்கிலிருந்து 20 இலட்சம் எடுத்து "பிறகு போடுவம்" என்பது இந்தத் தடைக்குள் வரும்.

ரொறன்ரோவிலிருந்து வரும் குரல்

அண்ணன் பணிப்பாளர் அல்ல. ஆனால் ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில் பேசி யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்குக் காசு கொடுப்பது என்று கட்டளையிடுகிறார், தம்பியும் அக்காவும் அப்படியே செய்கிறார்கள். எவருடைய அறிவுறுத்தலின்படி பணிப்பாளர்கள் வழக்கமாக நடக்கிறார்களோ, அவரையும் முக்கியமான கடமைகளைப் பொறுத்தவரை பணிப்பாளராகவே சட்டம் கருதுகிறது. நிழலில் நின்று நடத்துபவருக்கும் பொறுப்பு உண்டு. பெயரைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பவரும் தப்பமுடியாது.

அண்ணனுக்குச் சட்டம் தரும் சரியான வழி வேறு. தம்பியின் நிருவாகம் பிடிக்காவிட்டால் 206ஆம் பிரிவின் கீழ் சாதாரண தீர்மானத்தால் அவரை நீக்கலாம். பாதிக்கு மேல் வாக்கு வேண்டும், அண்ணனிடம் 60 இருக்கிறது. தம்பிக்குத் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். மறுபுறம், 10 வீதம் மட்டும் வைத்திருக்கும் அக்காவும் கையறு நிலையில் இல்லை. குறைந்தது 5 வீத வாக்குரிமையை ஆறு மாதமாவது வைத்திருக்கும் பங்குதாரர் ஒடுக்குமுறை, முறைகேடான நிருவாகம் ஆகிய காரணங்களுக்காக நீதிமன்றம் போகலாம்.

புலம்பெயர் முதலீட்டில் இன்னொரு பிழை அடிக்கடி நடக்கிறது. பங்குக்கான காசு தம்பியின் சொந்தச் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். வெளிநாட்டில் வதிபவர் பங்கு வாங்கும் காசு, அவர் பெயரில் இங்குள்ள வங்கியில் திறந்த உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வரவேண்டும். இலாபப் பங்கையும் விற்ற பணத்தையும் திரும்ப வெளியே எடுக்கும் பாதை அதுதான். அதோடு, பங்கு வழங்கி 20 வேலை நாட்களுக்குள் படிவம் 6 பதிவாளருக்குப் போகவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அண்ணனின் 60 இலட்சம் பங்கா, கடனா, அன்பளிப்பா என்ற சண்டை பத்து வருடம் கழித்து வரும்.

கணக்குச் சறுக்கும்போது

இந்தப் பகுதியை நிதானமாக வாசிப்பது நல்லது, ஏனென்றால் பணிப்பாளரின் சொந்தப் பணத்துக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் கம்பனியின் நிலை இப்போது இப்படி என்று வைப்போம். இயந்திரம், சரக்கு, வரவேண்டிய காசு எல்லாம் சேர்த்துச் சொத்து 1 கோடி 20 இலட்சம். வங்கிக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்கவேண்டியது 80 இலட்சம். தேறிய சொத்து 40 இலட்சம். கூறப்பட்ட மூலதனம், அதாவது பங்குக்காகப் போட்ட பணம், 1 கோடி.

முதலாவது, தேறிய சொத்து மூலதனத்தின் பாதிக்குக் கீழே, அதாவது 50 இலட்சத்துக்குக் கீழே போய்விட்டது. இது தெரியவந்ததும் 220ஆம் பிரிவின்படி 20 வேலை நாட்களுக்குள் சபை பங்குதாரர் கூட்டத்துக்கு அழைப்பு விடவேண்டும், 40 வேலை நாட்களுக்குள் கூட்டம் நடக்கவேண்டும். இழப்பு ஏன் வந்தது, என்ன செய்கிறோம் என்று அங்கே சொல்லவேண்டும்.

இரண்டாவது, இந்த வருடம் 15 இலட்சம் இலாபம் வந்தாலும் பங்கிலாபம் கொடுக்கமுடியாது. அதற்கு முன் கம்பனி தேறவேண்டிய கடன்தீர் வல்லமைச் சோதனைக்கு இரண்டு நிபந்தனைகள்: கடனை உரிய நாளில் கட்டக்கூடியதாக இருக்கவேண்டும், சொத்தின் பெறுமதி கடனையும் மூலதனத்தையும் கூட்டிய தொகையை விடக் கூடவாக இருக்கவேண்டும். 80 இலட்சத்தோடு 1 கோடியைக் கூட்டினால் 1 கோடி 80 இலட்சம், கையில் இருப்பதோ 1 கோடி 20. "வங்கியில் காசு கிடக்குதே" என்று தைப்பொங்கலுக்கு முன் பிரித்து எடுத்தால், பிறகு அதற்குப் பணிப்பாளர்கள் தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல நேரிடலாம். கொடுப்பதற்கு முன் கணக்காய்வாளரின் கடன்தீர் வல்லமைச் சான்றிதழைப் பெறவேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

மூன்றாவது, கடனை உரிய நாளில் கட்டமுடியாது என்று ஒரு பணிப்பாளர் நம்பும் நிலை வந்தால், 219ஆம் பிரிவின்படி உடனடியாகச் சபையைக் கூட்டி, கம்பனியை ஒடுக்கிமுடிக்க (கணக்குத் தீர்த்து மூட) நீதிமன்றம் போவதா, தொழிலைத் தொடர்வதா என்று ஆராயவேண்டும். அக்கா தனியொருவராகவே அந்தக் கூட்டத்தைக் கேட்கலாம். கேட்டதற்கு எழுத்தில் சாட்சி இருந்தால் அவருக்கு அது பெரிய காப்பு.

ஊழியர் பணம்

எட்டு ஊழியர், ஆளுக்கு 40,000 ரூபா சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், 3,200 ரூபா. கம்பனியிடமிருந்து 12 வீதம், 4,800 ரூபா. எட்டுப் பேருக்கும் மாதம் 64,000 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி 3 வீதம், எட்டுப் பேருக்கும் 9,600 ரூபா. இவை அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேரவேண்டும்.

தொழில் இறுகும்போது முதலில் நிற்பது இந்தப் பணம்தான். சம்பளத்தில் 3,200 ரூபாவைக் கழித்துவிட்டு அனுப்பாமல் வைத்திருப்பது ஏழை ஒருவரின் முதுமைக்கால உணவில் கைவைப்பது, அதற்கு வேறு பெயர் இல்லை. சட்டமும் இதைக் கடுமையாகவே பார்க்கிறது. கம்பனி இந்தக் குற்றத்தைச் செய்தால் அதன் பணிப்பாளர்களும் குற்றம் செய்ததாகவே கருதப்படுவார்கள், தமக்குத் தெரியாமல் நடந்தது என்றும் தடுக்கத் தாம் முயன்றதாகவும் அவர்களே நிரூபிக்கவேண்டும். நீதவான் நீதிமன்ற அழைப்பாணை "பேருக்குப் பணிப்பாளர்" வீட்டுக்கும் வரும்.

விலகுவதென்றால்

அக்கா விலக முடிவெடுத்தால் செய்யவேண்டியவை:

1. பதவி விலகல் கடிதத்தைத் திகதியோடு எழுதி, கம்பனியின் பதிவு செய்த முகவரியில் கையளித்து, பிரதியில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்கவேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

2. பணிப்பாளர் மாற்றத்தை அறிவிக்கும் படிவம் 20ஐக் கம்பனி 20 வேலை நாட்களுக்குள் பதிவாளருக்கு அனுப்பியதா என்று பார்க்கவேண்டும். அனுப்பாவிட்டால் பதிவேட்டில் பெயர் அப்படியே கிடக்கும். பதிவேட்டைப் பார்க்கும் வங்கிக்கும் வரித் திணைக்களத்துக்கும் அவர் இன்னும் பணிப்பாளர்தான்.

3. வங்கிக்குத் தனியாக எழுதி, காசோலைக் கையொப்ப அதிகாரத்தை நீக்கச் சொல்லவேண்டும். கையொப்பமிட்டு வைத்த வெற்றுக் காசோலைகள் மிகுதியிருந்தால் அவற்றைத் திரும்பப் பெறவேண்டும்.

4. தாம் பதவியில் இருந்த காலத்துக் கணக்கறிக்கை, கூட்ட அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து வைத்திருக்கவேண்டும். அந்தக் காலத்தில் நடந்தவற்றுக்கான பொறுப்பு விலகலோடு மறைவதில்லை.

5. கம்பனிக் கடனுக்குத் தனிப்பட்ட பிணை எழுதிக் கொடுத்திருந்தால், அது பணிப்பாளர் பதவியிலிருந்து முற்றிலும் வேறான ஒரு ஒப்பந்தம். பதவியை விட்டாலும் பிணை நிற்கும். அக்கா விலகி மூன்று வருடம் கழித்துக் கம்பனி தவணை தவறினால் வங்கியின் கடிதம் மானிப்பாய் முகவரிக்கு வரும். அந்தப் பிணையிலிருந்து விடுவிக்கக்கூடியது வங்கி மட்டுமே, அதுவும் எழுத்தில். பெரும்பாலும் வேறொருவர் பிணை நிற்க முன்வரும்போதுதான் வங்கி அதற்குச் சம்மதிக்கும். ஆகவே விலகல் கடிதத்துக்கு முன்னரே வங்கி முகாமையாளரோடு பேசி, மாற்றுப் பிணையாளியை ஒழுங்குசெய்து, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்கவேண்டும்.